ஓ.எம்.ஆர். தண்ணிக் கதை: ஜனத்தொகை மட்டும்தான் காரணமா?

மார்ச் 9, இரவு 9:40 (இழையைத் தொடங்கின கேள்வி)
ஒவ்வொரு வெயிலுக்கும் இதே பஞ்சாயத்துதான். சென்னையில ஜனம் ஜாஸ்தி, ஏரி அதே ஏரி. வெளியூர்ல இருந்து வந்து குவியுறத நிறுத்தாம என்ன திட்டம் போட்டாலும் பத்தாது. வேற காரணம் தேடுறது டைம் வேஸ்ட். ஒத்துக்கறீங்களா இல்லையா?

மார்ச் 9, இரவு 11:20 (இங்க இருந்து எல்லாம் என் பதில்)
பாதி ஒத்துக்கறேன். ஜனம் கூடியிருக்கு, அதுல என்ன சந்தேகம். எங்க கூடுச்சுன்னு பாருங்க. 2001 சென்சஸுக்கும் 2011 சென்சஸுக்கும் நடுவுல அப்போதைய சென்னை மாவட்டம் வளந்தது 7 சதவீதம். சுத்தியிருக்க காஞ்சிபுரம் மாவட்டம் கிட்டத்தட்ட 39, திருவள்ளூர் 35. குழாய், பம்பிங் ஸ்டேஷன், பாதாள சாக்கடை எல்லாம் ஏற்கனவே இருந்த மயிலாப்பூர், புரசைவாக்கம் பக்கம் ஆள் பெருசா ஏறல. ஊராட்சி ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டி நாலு தெருக்குழாய் போட்டு வச்சிருந்த ஊருங்க இருக்கே, துரைப்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர், மடிப்பாக்கம், மேடவாக்கம், அங்க போய் ஏறுச்சு. 2011 அக்டோபர்ல இதுல பல ஊரை கார்ப்பரேஷன்ல சேத்து 174 சதுர கிலோமீட்டரா இருந்த சென்னைய 426 ஆக்குனாங்க. வரி ரசீதுல பேரு உடனே மாறிடுச்சு, தண்ணி லைன் வர்றதுக்குள்ள பசங்க ஸ்கூல் முடிச்சு காலேஜ் போயிட்டாங்க.

வெளியூர்க்காரங்கன்னு சொல்றீங்க, நானும் வெளியூர்தான், நெல்லைப் பக்கம். என்னை யாரும் இங்க கூட்டிட்டு வரல, வேலை கூட்டிட்டு வந்துச்சு. 2000-ல டைடல் பார்க் திறந்து, அப்புறம் சிறுசேரி வரைக்கும் ஐ.டி. கம்பெனிக்கு நிலம் குடுத்தாங்கள்ல, வேலை செய்யுறவன் எங்க குளிப்பான்னு அப்பவே யோசிச்சிருக்கணும்.

மார்ச் 10, காலை 7:05
"தி.நகரே ஏரிதானே, அங்க தண்ணி வரலையா"ன்னு கீழ ஒருத்தர் நக்கல் அடிச்சிருக்கார். நக்கலா இருந்தாலும் நல்ல கேள்வி. ஆமா, மயிலாப்பூர்ல இருந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் நீண்டு கிடந்த பெரிய ஏரிய 1920-கள்ல மூடித்தான் தி.நகர் வந்துச்சு. ஏரிய மூடினது சரின்னு நான் சொல்லல. ஆனா கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸ் 1914-லயே வந்தாச்சு. நகரத்துக்கு தண்ணி கொண்டு வர்ற ஏற்பாடு முன்னாடி, வீடு பின்னாடி. எங்க ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் வீடு முன்னாடி, லாரி நடுவுல, குழாய் கடைசியில.

ஏரிய மூடுறது தனியார் மட்டும் செஞ்ச வேலையும் இல்ல. முகப்பேர் ஏரி ஸ்கீம்னு ஒரு ஏரியாவே இருக்கு, அது ஹவுசிங் போர்டு போட்டது.

மார்ச் 10, மதியம் 2:15
ஆபீஸ்ல லஞ்ச் டைம். நேத்து ராத்திரி வீட்டு ஃபைலை எடுத்துப் பாத்தேன். எங்க அபார்ட்மென்ட்டோட பிளானிங் பர்மிஷன் லெட்டர் நகல் அதுல இருக்கு. வாங்குறப்ப பேங்க் லோனுக்கு வேணும்னு ஜெராக்ஸ் போட்டதோட சரி, படிச்சதில்ல. நம்மள்ல யாரு படிச்சிருக்கோம்?

அதுல தண்ணிக்குன்னு ஒரு பாரா. விஷயம் இதுதான்: மொத்த கட்டடத்துக்கும் சேத்து ஒரே ஒரு சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) குழாய்த் தண்ணி குடுக்க முடியலாம், அதுவும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், வீட்டுக்கு அஞ்சு பேருன்னு கணக்கு வச்சு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர். மத்த தேவைக்கெல்லாம் கட்டுறவர் வேற ஏற்பாடு பண்ணிக்கணும்.

10 லிட்டர்! நகரத்துல குழாயும் பாதாள சாக்கடையும் இருக்கற இடத்துக்கு அரசாங்கமே வச்சிருக்க அளவு ஆளுக்கு 135 லிட்டர். மிச்சம் 125 லிட்டர் எங்க இருந்து வரும்? "வேற ஏற்பாடு". அந்த ரெண்டு வார்த்தைக்குள்ளதான் ஓ.எம்.ஆர்.ல ஓடுற அத்தனை லாரியும் நிக்குது.

இந்த லெட்டர் எங்களுக்கு மட்டும் வந்த அதிசயம் இல்ல, அந்தக் காலத்து அடுக்குமாடி அனுமதிகள்ல கிட்டத்தட்ட அச்சடிச்ச மாதிரி இதே வாசகம்தான். அதுக்கு அடுத்து கிணறு, மேல்தொட்டி, செப்டிக் டேங்க் எல்லாத்தையும் கொசு போகாம இறுக்கமா மூடணும்னு தெளிவா போட்டிருக்கு. கொசுவப் பத்தி யோசிச்ச அளவு மனுசனப் பத்தியும் யோசிச்சிருக்கலாம்.

மார்ச் 10, இரவு 10:50
"சும்மா உணர்ச்சிவசப்படாம கணக்கு போடுங்க"ன்னு கேட்டவருக்கு. போடலாம், நான் அசோசியேஷன்ல தண்ணிக் கணக்கு பாக்குற ஆளு, தினம் இதுதான் பொழப்பு.

எங்களுக்கு 4 ஏக்கர், 240 வீடு. சராசரியா வீட்டுக்கு மூணரை பேருன்னு வைங்க, 840 பேர். ஆளுக்கு 135 லிட்டர்னா ஒரு நாளைக்கு 1,13,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில ஒம்பதரை லோடு. வருஷத்துக்கு சுமார் 4.14 கோடி லிட்டர்.

இப்ப மழை. சென்னையில வருஷத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர். 4 ஏக்கர் மேல விழுற மொத்த மழையும் ஒரு சொட்டு சிந்தாம, ஆவியாகாம பிடிச்சாக்கூட 2.27 கோடி லிட்டர்தான். தேவையில பாதிக்குக் கொஞ்சம் மேல. நடைமுறையில மொட்டை மாடித் தண்ணி மட்டும்தான் சுத்தமா பிடிக்க முடியும், மழையோ ரெண்டு மூணு மாசத்துல கொட்டித் தீத்துட்டுப் போயிடும், அதுவும் ஒரே நாள்ல கொட்டுறப்ப மழைத் தண்ணி மண்ணுல இறங்கத் தோண்டின பிட்டு நிரம்பி ரோட்டுல ஓடுது.

அதே 4 ஏக்கர் வயலா இருந்தப்ப அதை நம்பி ஒன்னு ரெண்டு குடும்பம் இருந்திருக்கும். நாலு தளமா பத்து தளமான்னு ஒரு பேப்பர்ல எழுதறப்பவே அந்த இடம் தன் மழையில வாழுமா அடுத்த ஊர் தண்ணியில வாழுமாங்கறது முடிவாயிடுது. இதை வாட்டர் பிளான்னு யாரும் சொல்றதில்ல, எஃப்.எஸ்.ஐ.ன்னு சொல்றாங்க, அதாவது மனையோட பரப்புக்கு எத்தனை மடங்கு தளம் கட்டலாம்ங்கற கணக்கு.

மார்ச் 11, காலை 6:30
மழைநீர் சேகரிப்பு வேஸ்ட்டுன்னு நான் சொன்னதா ரெண்டு பேர் கிளம்பிட்டாங்க. சொல்லவே இல்லையே. 2003-ல எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம்னு ஜெயலலிதா கொண்டு வந்தது நல்ல வேலை, மணல் பாங்கான பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கிணறு ஏறுனத பாத்தவங்க நிறைய பேர். எங்க பக்கம் கீழ களிமண்ணு, அதுக்குக் கீழ பாறை. பிட்டுல தண்ணி இறங்கவே யோசிக்குது. ஒரே சட்டம், ரெண்டு மண்ணு. எங்க போர்வெல் தண்ணி அவ்ளோ கடினத் தண்ணி, துணி துவைக்க சோப்பு நுரையே வராது.

மார்ச் 11, இரவு 9:15
லாரித் தண்ணி எங்க இருந்து வருதுன்னு நேரடியா கேட்டிருக்கீங்க. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

லாரி வந்தா நான் மேல ஏறி மூடியத் திறந்து கோல் விட்டுப் பாப்பேன். முன்னாடியெல்லாம் வாட்ச்மேனே கையெழுத்து போட்டு விட்டுருவாரு, அப்ப முக்கால் டேங்க் வந்துட்டு முழுக் காசு போயிருக்கு, இறக்கினப்புறம் அடியில கொஞ்சம் நிறுத்திட்டுப் போற ஆளும் உண்டு. அப்படி ஏறி இறங்கி டிரைவர்களோட பழக்கமாயிடுச்சு. ஒரு அண்ணன் பல வருஷமா இதே லைன்ல ஓட்டுறாரு. ஆரம்பத்துல மேடவாக்கத்துலயே லோடு எடுப்போம் மேடம், அப்புறம் சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், அப்புறம் பொன்மார், இப்ப மாம்பாக்கம் தாண்டிப் போறோம்னு கதை கதையா சொல்வாரு. ஒவ்வொரு ஊரா ஏன் தள்ளிப் போச்சுன்னு கேட்டேன். "அங்கெல்லாம் வீடு வந்துருச்சு மேடம்."

என் மொத்த வாதமும் இதுதான். விவசாயக் கிணறு. நெல்லு போட்டா ஆளு கிடைக்கல, விலை கிடைக்கல. லாரிக்கு இறைச்சா தினம் கையில காசு. கொஞ்ச நாள்ல வயல் தரிசாப் போடுறாங்க, தண்ணி மட்டும் வெளிய போகுது. தரிசாக் கிடக்குற நிலம்தானே, விவசாயமே நடக்கல பாருங்கன்னு காட்டி மாஸ்டர் பிளான்ல (எந்த நிலம் எதுக்குன்னு வகை பிரிச்ச அரசுத் திட்டம்) விவசாய நிலம்னு இருக்கறத குடியிருப்புன்னு மாத்த மனு போகும். மாறும். மனை போடுவாங்க. கிணத்த மூடுவாங்க. நேத்து வரைக்கும் தண்ணி வித்த இடம் இன்னைக்கு தண்ணி வாங்குற இடம். லாரி அடுத்த ஊருக்குப் போகும். அங்கயும் இதே கதை.

ஒவ்வொரு தடவையும் வாங்குறவன் கூடுறான், விக்கிறவன் குறையுறான், தூரம் கூடுது, டீசல் கூடுது. இந்தக் கணக்குல ஜனத்தொகை ஒரு வரிதான், மிச்ச வரியெல்லாம் நிலத்தோட வகைப்பாடு.

கிணத்துக்காரர திட்டாதீங்க. நாங்க 240 வீடும் அவரோட கஸ்டமர்தான். ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க கிணறு வத்துனா அவங்க வந்து ரோட்டுல லாரிய மறிக்கிறதுலயும் நியாயம் இருக்கு, பூமிக்கடியில வேலி கிடையாதுல்ல.

மார்ச் 11, இரவு 9:40
மேல எழுதினத படிச்சுட்டு எங்க வீட்டுக்காரர், "கோல் விட்டுப் பாக்குறத எல்லாம் ஏன் எழுதுற, நாளைக்கு லாரிக்காரன் வரமாட்டான்"ங்கறார். வரலைன்னா ஜோலார்பேட்டையில இருந்து தண்ணி ட்ரெயின் வரும்.

மார்ச் 12, காலை 8:10
ட்ரெயின்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. 2019 ஜூலை. ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர், ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கம், டிவி எல்லாம் லைவ், மாலை எல்லாம் போட்டாங்க. எங்க மாதிரி ஒரு அபார்ட்மென்ட் அதை வச்சு 22 நாள் ஓட்டலாம். ஊரே அதைக் கொண்டாடுச்சு.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் சேந்து கொள்ளளவு 11 டி.எம்.சி. சொச்சம், அந்த ஜூன்ல தரை வெடிச்சுக் கிடந்துச்சு. எங்க ஏரியா ஐ.டி. கம்பெனிங்க வீட்ல இருந்தே வேலை பாருங்கன்னாங்க, கொரோனாவுக்கு முன்னாடியே நாங்க பாத்தாச்சு. வீட்லயும் தண்ணி இல்லங்கறது வேற விஷயம்.

மார்ச் 12, மதியம் 1:30
"சட்டமே இல்லையா"ன்னு கேட்டீங்க. இருக்கு. சென்னைப் பெருநகரத்துக்கு நிலத்தடி நீர் சட்டம் 1987-லயே வந்துச்சு. மாநிலம் முழுசுக்கும் 2003-ல ஒன்னு போட்டாங்க, நடைமுறைக்கே கொண்டு வராம 2013-ல ரத்து பண்ணிட்டாங்க.

வடக்குப் பக்கம் இந்தப் படம் ஏற்கனவே ஓடி முடிஞ்சாச்சு. மீஞ்சூர் சுத்துவட்டாரத்துல 1960-கள் கடைசியில இருந்து தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் இறைச்சு இறைச்சு கடல் தண்ணி பல கிலோமீட்டர் உள்ள ஏறிடுச்சு. அப்புறம் அதே மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில 2010-ல கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற பிளான்ட் திறந்தாங்க, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். நிலத்துக்கு அடியில உப்பு உள்ள வந்துச்சு, மேல கரண்ட் செலவு பண்ணி உப்ப வெளிய எடுக்குறோம்.

மார்ச் 13, இரவு 10:30
நெம்மேலியிலயும் கடல் தண்ணி பிளான்ட் வந்தாச்சே, இனிமே என்ன புலம்பல்னு ஒரு சார் கேட்டிருக்கார். 2013-ல ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் ஒன்னு, 2024-ல 15 கோடி லிட்டர் இன்னொன்னு, பேரூர்ல 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்குது. தென்சென்னைக்கு இது பெரிய உதவி, இல்லைன்னு சொன்னா நன்றி கெட்டதனம். வீராணம் 2004-ல வந்ததும் அப்படித்தான், கடலூர் மாவட்டத்துல இருந்து போரூர் வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல குழாய். (பழைய வீராணம் திட்டத்துக்கு கொண்டாந்து ரோட்டோரம் போட்ட ராட்சசக் குழாய்க்குள்ள குடும்பமே குடியிருந்தத பாத்த பெரியவங்க இங்க இருந்தா எழுதுங்க, அது தனிக் கதை.) கிருஷ்ணா தண்ணி 1983-ல ஆந்திராவோட ஒப்பந்தம், வருஷத்துக்கு 12 டி.எம்.சி.ன்னு பேச்சு, 1996-ல முதல் தண்ணி வந்துச்சு, முழு 12 வந்து சேந்த வருஷமே இல்ல.

எனக்கு இதுல உறுத்துறது ஒன்னுதான். ஒவ்வொரு புதுத் தண்ணி வர்றப்பவும் அத வச்சு ஏற்கனவே காஞ்சு கிடக்குறவனுக்குக் குடுக்காம, தண்ணி வந்துருச்சுல்ல இன்னும் கட்டலாம்னு அடுத்த அனுமதி போயிடுது. 2019 பிப்ரவரியில புது கட்டட விதி வந்துச்சு, சாதாரண கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 1.5-ல இருந்து 2, உயரமான கட்டடத்துக்கு 2.5-ல இருந்து 3.25. அந்த ஜூன்லதான் ஏரி வெடிச்சுக் கிடந்துச்சுன்னு மேல எழுதினேன். நாலே மாசம். ரெண்டு ஃபைலும் ஒரே மேஜையில இருந்திருந்தா யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டிருக்கும். இடம் ஒரு ஆபீஸ், குடிநீர் ஒரு ஆபீஸ், ஏரி இன்னொரு ஆபீஸ், ஊராட்சி இன்னொன்னு.

மார்ச் 14, காலை 7:45
வெள்ளம் பத்தி பேசாம தண்ணி பத்தி பேசுறது எப்படின்னு கேட்ட தம்பி, சரியாப் பிடிச்சீங்க. தென்சென்னையில இருக்க பல ஏரிகளோட உபரி நாராயணபுரம், கீழ்க்கட்டளைன்னு ஒன்னுல இருந்து ஒன்னுக்கு இறங்கி பள்ளிக்கரணை சதுப்புல சேந்து, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய், அங்க இருந்து முட்டுக்காடு. இதுதான் பாதை. அந்த சதுப்புலதான் பெருங்குடி குப்பைமேடு, அரசு ஆராய்ச்சி நிறுவனம், சாலை, எல்லாம். 2022-ல ராம்சார் அந்தஸ்து (உலக அளவுல முக்கியமான சதுப்புன்னு அங்கீகாரம்) கிடைச்சுது, மிச்சம் இருக்கறதுக்கு.

2015 டிசம்பர் 1-ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. முடிச்சூர்ல மாடி வரைக்கும் தண்ணி. நாலே வருஷத்துல தண்ணி ட்ரெயின். தேங்க வேண்டிய பள்ளத்துல வீடு இருக்கறதால மழையப்ப தண்ணி வீட்டுக்குள்ள வருது, அதே பள்ளத்துல தேங்காததால சித்திரையில போர்வெல் காத்து வாங்குது.

மார்ச் 14, இரவு 11:55
சரி, தண்ணி இல்லைன்னா அனுமதி குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போடலாமான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. நேத்து வரைக்கும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். இன்னைக்கு எங்க வீட்ல வேலை செய்யுற அக்காகிட்ட பேசிட்டு இருந்ததுல யோசனையா இருக்கு.

அவங்க வீடு அங்கீகாரம் இல்லாத மனையில. எங்க பக்கம் வாடகை கட்டுப்படியாகாமத்தான் அவ்ளோ தூரம் போனாங்க. முறையான அனுமதிய இறுக்கினா எங்கள மாதிரி ஆளுங்க வீட்டு விலை ஏறும், நாங்க சந்தோசப்படுவோம், அவங்க இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி அனுமதியே இல்லாத மனைக்குப் போவாங்க. 2016-ல அங்கீகாரமில்லாத மனைய பதிவு பண்ணக் கூடாதுன்னு ஹைகோர்ட் தடை போட்டுச்சு, அடுத்த வருஷமே அந்த மனைகள முறைப்படுத்துற வரன்முறைத் திட்டம் வந்துச்சு, ஏன்னா ஏற்கனவே காசு போட்ட அத்தனை பேரையும் அந்தரத்துல விட முடியாது. இறுக்குறது சுலபம், இறுக்கின இடத்துக்கு வெளிய என்ன பிதுங்கும்னு பாக்கணும்.

அதனால இப்ப என் கட்சி இது: அடர்த்தியா கட்டணும்னா குழாய் ஏற்கனவே இருக்கற இடத்துல, மெட்ரோ ரயில் போற இடத்துல கட்ட விடு, பழைய ஊருக்குள்ள. லாரிய நம்பி புதுசா எழுபது எண்பது அடி உயரம் எழுப்பாத. பழைய ஊர்க்குழாயும் ஓட்டை ஒழுகல்னு ஒருத்தர் சொல்வார், தெரியும். ஒழுகுற குழாய அடைக்கலாம், இல்லாத குழாய என்ன பண்றது.

2022-ல பெருநகரப் பகுதிய 1,189-ல இருந்து 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சிருக்காங்க. அந்த விரிச்ச பகுதியிலதான் இப்ப எங்களுக்கு லோடு குடுக்குற கிணறெல்லாம் இருக்கு. இனி வர்ற பிளான் வரைபடத்துல அதுக்கு விவசாயமா குடியிருப்பான்னு என்ன நிறம் அடிக்கப் போறாங்கங்கறதப் பொறுத்து லாரி இன்னும் எவ்ளோ தூரம் போகும்னு தெரியும். கருத்துக் கேட்பு கூட்டம் வச்சா போங்கப்பா. பார்க்கிங் பத்தி மட்டும் பேசிட்டு வராதீங்க.

மார்ச் 15, காலை 9:20
"அக்கா, மாம்பாக்கம் தாண்டி ஒரு மனை பாத்திருக்கேன், வாங்கலாமா"ன்னு கேட்ட தம்பிக்கு. ஜோசியம் எனக்குத் தெரியாது, பாக்க வேண்டியத சொல்றேன். சர்வே நம்பர வாங்கி கிராம வரைபடத்துலயும் எஃப்.எம்.பி.யிலயும் (அந்த நம்பரோட புல அளவு வரைபடம்) பக்கத்துல வாய்க்கால், ஓடை, தாங்கல் ஏதாவது கோடு போயிருக்கான்னு பாருங்க, அ-பதிவேட்டுல (கிராம நிலப் பதிவேடு) புறம்போக்கு எங்க இருக்குன்னு கேளுங்க. மாஸ்டர் பிளான்ல அந்த நம்பர் விவசாயமா குடியிருப்பா, மாத்தியிருந்தா எந்த வருஷம் மாத்துனாங்கன்னு பாருங்க. மண்ண அஞ்சடி தோண்டிப் பாக்கச் சொல்லுங்க, களிமண்ணா வந்தா ரீசார்ஜ் பிட்ட நம்பாதீங்க. ஐப்பசி மழையில ஒரு தடவை, பங்குனி வெயில்ல ஒரு தடவை போய் நில்லுங்க, புரோக்கர் இல்லாம. பக்கத்து டீக்கடையில ஒரு டீ சொல்லிட்டு விடியக்காலையில எந்தக் கிணத்துல லாரி வரிசை நிக்குதுன்னு விசாரிங்க. நிக்குதுன்னா, அந்தக் கிணத்து நிலத்துக்கு யாராவது அட்வான்ஸ் குடுத்துட்டாங்களான்னும் சேத்துக் கேட்டுருங்க.